ஜான் கான்ஸ்டபிள்ங்கிற இங்கிலாந்து ஓவியரோட 'தி ஹே வெய்ன்' ஓவியத்துல அப்படி என்ன இருக்கு? ஒரு வண்டி தண்ணில நிக்குது, அவ்ளோதானே?

நீங்க போன்ல பார்த்துட்டு கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். ஒரிஜினல் ஆறடி அகலம். உங்களைக் குத்தம் சொல்லல, லண்டன் வந்த புதுசுல நேஷனல் கேலரியில ஓசியா உள்ள விடுறாங்கன்னு குளிருக்கு ஒதுங்கப் போய், நேர்லயே பார்த்துட்டு இதேதான் சொன்னேன். ரூம்மேட் "பிஸ்கட் டப்பா மேல இருக்குமே அந்தப் படம்"ன்னான், சிரிச்சுட்டு வந்துட்டோம்.

அப்புறம் ஒரு ஜனவரி. வேலை போய் வீட்லயே கிடந்தேன். பழைய சாமான் கடையில ரெண்டு பவுண்டுக்கு ஆயிரம் துண்டு ஜிக்சா பசில், இதே படம். டப்பா மேல 'முழுசா இருக்கு'ன்னு பேனால எழுதி ஒட்டியிருந்தாங்க, அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

வானத்துக்கு மட்டும் ரெண்டு வாரம் ஆச்சுங்க. வெறும் வெள்ளைன்னு நினைச்சா சாம்பல், மஞ்சள், ஊதான்னு ஒரு துண்டு மாதிரி இன்னொண்ணு இல்ல. மனுசன் 1821, 22ல லண்டன் பக்கம் ஹாம்ப்ஸ்டெட்ல உக்காந்து மேகத்தை மட்டுமே வரைஞ்சு தள்ளி, தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம்னு பின்னாடி குறிச்சு வெச்சிருக்கார், அந்தக் கிறுக்கு முழுசா புடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போட்ட படம் இது. குதிரைங்களோட சேணத்துல ஒரு சிவப்பு இருக்கு பாருங்க, அவ்ளோ பச்சைக்கு நடுவுல அந்தத் துண்டுங்கதான் முதல்ல கைக்கு கிடைக்கும். வீட்டு ஓரமா ஒரு பொம்பளை தண்ணிகிட்ட குனிஞ்சிருக்காங்க. வலது பக்கம் தூரத்துல புள்ளி புள்ளியா வெள்ளைச் சட்டை, அத்தனையும் புல் அறுக்குற ஆளுங்க. அமைதியான கிராமம்னு சொல்றோம், ஆனா எல்லாரும் வேலை பார்த்துட்டு இருக்காங்க!

அப்பாவுக்கு வீடியோ கால்ல காட்டினேன், மாட்டு வண்டி ஓட்டினவரு. ஓவியம்லாம் அவருக்கு எதுக்குன்னு நினைச்சேன். "வெறும் வண்டிடா, லோடு ஏத்தப் போகுது. வெயில்ல மரம் சுருங்கி இரும்புப் பட்டை கழண்டுரும்னு சக்கரத்தை நனைக்கிறான்"ன்னார். அப்புறம் தேடிப் படிச்சா விவரம் தெரிஞ்சவங்களும் அதையே ஒரு காரணமா சொல்றாங்க. (தமிழ்ல 'வைக்கோல் வண்டி'ன்னு எழுதுறாங்க, அது வைக்கோல் இல்ல, காயவெச்ச புல்லு. சரி விடுங்க.)

என்னை அடிச்சுப் போட்டது வேற. இது ஸ்டவர் ஆத்துல, சஃபோக் பக்கம் ஃப்ளாட்ஃபோர்டுங்கிற இடம், கான்ஸ்டபிளோட அப்பாவுக்கு மில் இருந்த ஊரு. ஆனா படத்தைப் போட்டது லண்டன் ஸ்டுடியோவுல. வண்டி எப்படி இருக்கும்னு சரியா வரல, ஊர்ல இருந்து ஒருத்தரை வரைஞ்சு அனுப்பச் சொல்லி அதைப் பார்த்துப் போட்டிருக்கார். பொறந்து வளர்ந்த ஊரோட வண்டிங்க! இதைப் படிச்சப்போ நான் எங்க வீட்டுத் திண்ணையில எத்தனை தூண்னு யோசிச்சுப் பார்த்தேன், வரல.

1821ல லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில வெச்சாங்க, யாரும் வாங்கல. 1824ல பாரிஸ் கண்காட்சிக்குப் போய் அங்க தங்க மெடல் வாங்கிச்சு. உள்ளூர்ல மதிப்பு இல்லாம வெளியூர்ல கிடைக்கிறது நமக்கு ஒண்ணும் புதுசில்லையே.

"அந்த ஏரியாவுலயே 1822ல பசி தாங்காம கூலி ஆளுங்க கதிரடிக்கிற மெஷினை உடைச்சாங்க, மில் ஓனர் பையனுக்கு எல்லாம் அழகாத்தான் தெரியும்"னு கமெண்ட்ல ஒருத்தர் வருவார்னு தெரியும். நியாயம்தான் சார், அது படத்துல இல்ல. நான் ஓவியம் படிச்சவனும் இல்ல, எனக்குப் புடிச்சதைச் சொல்றேன், அவ்ளோதான்.

கடைசியில என்ன ஆச்சுன்னா 999 துண்டுதான் இருந்துச்சு. வண்டிச் சக்கரத்துக்குக் கீழ தண்ணியில ஒரு ஓட்டை. அங்க என்னதான் இருக்குன்னு பார்க்கவே மறுபடி கேலரிக்குப் போனேன். பழுப்புத் தண்ணி, அதுல சின்னச் சின்னதா வெள்ளைத் தீத்தல், கிட்டப் போனா வெறும் பெயிண்ட், நாலடி பின்னாடி வந்தா பளபளன்னு தண்ணி. ஒரு பத்து நிமிசம் முன்னாடி பின்னாடி நடந்தேன், செக்யூரிட்டி என்னையே பார்த்துட்டு இருந்தார்.

 

பசில் இன்னும் டப்பாவுல இருக்கு. லண்டன்ல யாருக்காவது வேணும்னா தர்றேன், ஒரு துண்டு கம்மி, முன்னாடியே சொல்லிட்டேன்.