சாப்பாட்டோட சேர்ந்து போனாத்தான் அந்த கேப்சூலுக்கு வேலை

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயசு. கணையத்துல கல் இருக்கு, நாள்பட்ட கணைய அழற்சின்னு 5 வருஷம் முன்னாடி சொன்னாங்க. குடியை அன்னிக்கே விட்டுட்டார், பீடி மட்டும் விடல. சுகர் வந்து ரெண்டு வேளை இன்சுலின் போடறார். 2 வருஷமா என்சைம் கேப்சூல், 10,000 யூனிட், காலையில வெறும் வயித்துல கேஸ் மாத்திரையோட ஒண்ணு, ராத்திரி படுக்கப் போறப்ப மத்த மாத்திரைகளோட ஒண்ணு. ஆனாலும் மோஷன் வெளுப்பா, எண்ணெய் மிதக்கற மாதிரி போகுது, மூணு தடவை தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குது, நாத்தம் தாங்கல. 68 கிலோ இருந்தவர் 51-க்கு வந்துட்டார். பயந்து போய் எண்ணெய், தேங்காய், முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டு கஞ்சியும் ரசமும் தான் குடுக்கறேன். இவ்ளோ வெலை குடுத்து வாங்கற கேப்சூல் வீண்தானான்னு எல்லாரும் கேக்கறாங்க. - வாசகி, நாமக்கல்

பதில்: கேப்சூல் வீண் இல்லம்மா. அது உள்ள போற நேரமும் தப்பு, அளவும் பத்தல. இந்த ரெண்டையும் சரி பண்ணினா கொஞ்ச நாள்லயே மோஷன்ல வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்னு தான் நான் நினைக்கறேன், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், பொறுமையா படிங்க.

நல்லா இருக்கற கணையம் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல ஜீரண நீர் சுரக்கும். அதுல இருக்கற என்சைம்கள் தான் சாப்பாட்டை உடைக்கும்: மாவுச்சத்துக்கு அமைலேஸ், புரதத்துக்கு புரோட்டியேஸ், கொழுப்புக்கு லிப்பேஸ். இதுல மாவுச்சத்துக்கு எச்சில்லயும் கொஞ்சம் அமைலேஸ் இருக்கு, புரதத்துக்கு இரைப்பையில பெப்சின் இருக்கு, ஆனா கொழுப்புக்கு கணையத்தை விட்டா பெருசா வேற ஆள் கிடையாது. அதனாலதான் மொதல்ல அடி வாங்கறது கொழுப்பு. அதுவும் லிப்பேஸ் சுரப்பு பத்துல ஒரு பங்குக்கும் கீழ போன பிறகுதான் மோஷன்ல எண்ணெய் தெரியவே ஆரம்பிக்கும், அப்படின்னா உங்க கண்ணுக்கு இப்ப தெரியற விஷயம் உள்ள ரொம்ப நாளா நடந்துட்டு இருந்திருக்கு.

இப்ப கேப்சூலுக்கு வருவோம். இது சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை மாதிரி ரத்தத்துல கலந்து வேலை செய்யறது இல்ல. குடலுக்குள்ள சோத்தோட நேரடியா கலந்து அதை உடைக்கற பொருள். காலையில வெறும் வயித்துல போட்டா அங்க உடைக்கறதுக்கு என்ன இருக்கு? ராத்திரி படுக்கும்போது போட்டா சோறு ஏற்கனவே கீழ இறங்கிப் போயிருக்கும். மத்தியான சாப்பாட்டுக்கோ ஒண்ணுமே இல்ல. 2 வருஷமா அவர் முழுங்கினதுல முக்காவாசி சாப்பாட்டை சந்திக்கவே இல்லங்கறதுதான் எனக்கு படிக்கும்போதே மனசு கஷ்டமா இருந்துச்சு. இதை யாரும் அவருக்கு உக்கார வச்சு சொல்லல, உங்க மேலயோ அவர் மேலயோ தப்பே இல்ல.

தட்டுல இட்லி வைக்கும்போதே பக்கத்துல கேப்சூலையும் வைங்க. மொதல் வாய் எடுக்கும்போது ஒண்ணு, பாதி சாப்பிட்டதும் இன்னொண்ணு, தண்ணியோட முழுங்கணும், மெல்லக் கூடாது, பொடி பண்ணக் கூடாது. ஏன்னா லிப்பேஸ் இரைப்பை அமிலத்துல அழிஞ்சு போற வஸ்து, அதனால உள்ள இருக்கற குட்டி குட்டி மணிக்கு மேல ஒரு பூச்சு குடுத்திருப்பாங்க, அது அமிலத்தைத் தாண்டி சிறுகுடலுக்கு வந்த பிறகுதான் கரையும், மென்னா அந்தப் பூச்சு போயிடும். முழுங்கவே முடியாதவங்க கேப்சூலை பிரிச்சு மணியை ஆப்பிள் மசியல் மாதிரி லேசா புளிப்பான, சூடு இல்லாத உணவுல கலந்து மெல்லாம முழுங்கலாம். சூடான கஞ்சியிலயும் பால்லயும் கலக்காதீங்க.

அளவு. பெரியவங்களுக்கு ஒரு முழு சாப்பாட்டுக்கு 40,000-லேருந்து 50,000 லிப்பேஸ் யூனிட், நடுவுல சாப்பிடற பலகாரத்துக்கு அதுல பாதின்னு ஆரம்பிச்சு, தேவைப்பட்டா ஏத்தறதுதான் இன்னைக்கு பரவலா இருக்கற வழக்கம். நல்ல கணையம் ஒரு சாப்பாட்டுக்கே பல லட்சம் யூனிட் விடும். உங்க வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க சேர்த்து எடுக்கறதே 20,000 தான். நம்ம கடைகள்ல 10,000, 25,000, 40,000-ன்னு தனித்தனியா கிடைக்குது, 25,000 எழுதி வாங்கினா எண்ணிக்கை குறையும். இந்தப் பக்கத்தை எடுத்துட்டு போய் உங்க குடல் டாக்டர்கிட்ட காமிச்சு அளவை மாத்தி எழுதச் சொல்லுங்க, அவர் எடைக்கு பார்த்து எழுதுவார். மோர், பால் கலக்காத டீ, பழம் மட்டும் சாப்பிட்டா பெரும்பாலும் கேப்சூல் தேவைப்படாது. ஒரு டம்ளர் பால், ரெண்டு வடை, முட்டை இதுக்கெல்லாம் வேணும். பிரியாணி, கல்யாணச் சாப்பாடுன்னா சாதாரண நாளை விட கூட வேணும், அதையும் டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. சாப்பிடலைன்னா கேப்சூலும் வேண்டாம், விட்டுப் போச்சேன்னு அடுத்த வேளை டபுளா போடவும் வேண்டாம்.

கொழுப்பை நிறுத்தினீங்க பாருங்க, அதை மொதல்ல மாத்துங்க. பழைய காலத்துல டாக்டர்களே அப்படித்தான் சொன்னாங்க, இப்ப சொல்றதில்ல. 17 கிலோ இறங்கின ஒருத்தருக்கு கஞ்சியும் ரசமும் போதுமா? இட்லிக்கு நல்லெண்ணெய் விட்டு பொடி, தேங்காய் சட்னி, முட்டை, மீன், பருப்பு எல்லாம் குடுங்க, ஆனா கேப்சூலோட குடுங்க, மூணு பெரிய சாப்பாட்டுக்கு பதிலா கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு ஆறு வேளையா குடுங்க. ரொம்ப நார்ச்சத்து, அதாவது தவிடு, சத்து மாவுன்னு கொட்டிக் குடுக்கறது மட்டும் இப்ப வேண்டாம், அது என்சைம் வேலையை குறைக்கும். பொரிச்சது சாப்பிட்டா வலி வருதுன்னா அதை மட்டும் தள்ளி வைங்க. வலிக்கு இந்த கேப்சூலை நம்பாதீங்க, அதுக்கு வைத்தியம் வேற.

அடுத்தது சுகர், இதை கண்டிப்பா மனசுல வைங்க. இதுவரைக்கும் பாதி சாப்பாடு உடம்புல ஒட்டாமலே போயிட்டு இருந்தது, இனிமே ஒட்ட ஆரம்பிக்கும், அப்ப சுகர் ஏறலாம், இன்சுலின் அளவை மாத்த வேண்டியிருக்கும். அதே சமயம் இன்சுலினை போட்டுட்டு கேப்சூலை மறந்துட்டா சுகர் திடீர்னு இறங்கவும் செய்யும், கணையம் கெட்டவங்களுக்கு இறங்கின சுகரை ஏத்தி விடற குளூக்ககான் சுரப்பும் குறைஞ்சிருக்கும், அதனால இறங்கினா வேகமா இறங்கும். கேப்சூல் மாத்தற முதல் ரெண்டு வாரம் வீட்டுலயே அடிக்கடி விரல் நுனியில குத்தி பாருங்க, சட்டைப் பையில சர்க்கரையோ குளுக்கோஸோ எப்பவும் இருக்கட்டும்.

கொழுப்பு ஒட்டலைன்னா அதோட சேர்ந்து வைட்டமின் ஏ, டி, ஈ, கே நாலும் ஒட்டாது. ராத்திரியில கண்ணு மங்குதா, சும்மா இடிச்சாலே கன்னிப் போகுதா, முதுகெலும்பு வலிக்குதான்னு அவர்கிட்ட கேளுங்க. வைட்டமின் டி, பி12 ரத்தத்துல பாருங்க, எலும்பு அடர்த்திக்கு ஒரு டெக்ஸா ஸ்கேன் எடுத்துட்டா நல்லது, இந்த நோய் இருக்கறவங்களுக்கு சின்ன வயசுலயே எலும்பு மெலிஞ்சு போறது சகஜம்.

இவ்ளோ சரியா போட்டும் ஆறு எட்டு வாரத்துல எடை ஏறலைன்னா, அமிலத்தை குறைக்கற மாத்திரையை ஒழுங்குபடுத்தி பார்ப்பாங்க, குடல்ல கிருமி பெருகியிருக்கான்னு பார்ப்பாங்க. எடை இறங்கிட்டே இருந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ, அந்த ஆறு வாரம் கூட காத்திருக்காதீங்க, உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கணும், நாள்பட்ட கணைய அழற்சி இருக்கற கணையத்துல புற்றுநோய் வர வாய்ப்பு மத்தவங்களை விட கூடுதல். பீடியையும் நிறுத்தச் சொல்லுங்க, குடியை விட்டவருக்கு இதுவும் முடியும், புகையும் கணையத்துல சுண்ணாம்பு படியறதை வேகப்படுத்தும்.

கேப்சூல் ஆயுசுக்கும் தேவைப்படும்னு தான் நினைச்சுக்கணும், போன சுரப்பு பெரும்பாலும் திரும்பி வராது. அடுப்பு பக்கத்துலயோ வெயில் படற ஜன்னல்லயோ டப்பாவை வைக்காதீங்க.

கேள்வி: மலத்துல எலாஸ்டேஸ் டெஸ்ட் எழுதியிருக்காங்க. அதுக்கு முன்னாடி கேப்சூலை நிறுத்தணுமா? மருந்துக்கடையில ஜீரண சிரப் குடுக்கறாங்களே, அது போதாதா? - வாசகர், விருதுநகர்

பதில்: நிறுத்த வேண்டாம். எலாஸ்டேஸ்ங்கறதும் கணையம் சுரக்கற ஒரு என்சைம் தான், அந்த டெஸ்ட் மனுஷ கணையத்துல சுரக்கற எலாஸ்டேஸை மட்டும் தான் அளக்கும், கேப்சூல்ல இருக்கறதை கணக்குல எடுக்காது. ஒரு கிராம் மலத்துல 200 மைக்ரோகிராமுக்கு கீழ வந்தா குறைபாடு இருக்கலாம், 100-க்கு கீழன்னா அநேகமா உறுதி. பேதி போற நாள்ல குடுக்காதீங்க, தண்ணியில கரைஞ்சு பொய்யா குறைச்சுக் காட்டும். சிரப் விஷயம், அதுல பொதுவா மாவுச்சத்தை உடைக்கற டயஸ்டேஸும், புரதத்தை உடைக்கற பெப்சினும் தான் இருக்கும், லிப்பேஸ் இருக்காது. கல்யாண விருந்து சாப்பிட்டு வயிறு உப்பினவங்களுக்கு குடிக்கறதை கணையம் கெட்டவங்க நம்பக் கூடாது.

கேள்வி: என் மகனுக்கு 19 வயசு. இந்த கேப்சூல் பன்றியிலேருந்து எடுக்கறதுன்னு இப்பதான் தெரிஞ்சது. மனசு ஒப்பல. வேற இல்லையா டாக்டர்? - வாசகி, மேலப்பாளையம்

பதில்: உங்க தவிப்பு புரியுதும்மா. உண்மையை மறைக்காம சொல்றேன், இந்த நோய்க்கு உலகம் பூரா வழக்கமா எழுதறது பன்றி கணையத்துலேருந்து எடுக்கறது தான். பூஞ்சைக் காளான் வகையிலேருந்து எடுத்த சைவ என்சைம் கிடைக்குது, ஆனா கணையக் குறைபாட்டுக்கு இதுக்கு ஈடா வேலை செய்யும்னு என்னால சொல்ல முடியாது. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மேல குற்றம் இல்லன்னு குர்ஆன்ல அல்பகரா 173-வது வசனம் சொல்றது உங்களுக்கு தெரியும், ஆனா அதை இந்த மருந்துக்கு பொருத்திச் சொல்ற உரிமை எனக்கு கிடையாது, உங்க ஆலிம்கிட்ட மகனோட ரிப்போர்ட்டோட போய் கேளுங்க, இது இல்லாட்டி பையன் இளைச்சுட்டே போவான், இணையான மாத்து இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்த லெட்டரும் கையில இருக்கட்டும். முடிவு வர்ற வரைக்கும் நீங்களா நிறுத்திடாதீங்க. சைவக் குடும்பங்கள்லேருந்தும் இதே கேள்வி வருது, அவங்களுக்கும் மருந்து விஷயத்துல என் பதில் இதுதான். எதுலேருந்து எடுத்ததுங்கறதை நோயாளிகிட்ட முதல் நாளே சொல்லிடறது டாக்டரோட கடமை.

கேள்வி: எனக்கு 38 வயசு, குடியோ புகையோ கிடையாது, ஆனா கணையம் பூரா கல். சின்ன வயசுலேருந்து மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் தான் எங்க வீட்டுச் சாப்பாடு, அதனால வந்ததுன்னு சொல்றாங்க. இனிமே கிழங்கு சாப்பிடலாமா? 12 வயசு பொண்ணுக்கும் அடிக்கடி வயித்து வலி வருது. - வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: குடிக்காதவங்களுக்கு வர்ற இந்த வகையை வெப்பமண்டல கணைய அழற்சின்னு சொல்லுவோம். கேரளாவுல டாக்டர் கீவர்கீஸ் 1960-கள்லயே இந்த நோயாளிகளை நிறைய பேரை பார்த்து எழுதி வச்சார். ஏழைகள் மரவள்ளி சாப்பிடற ஊர்கள்ல அதிகமா இருந்ததால, கிழங்குல இருக்கற சயனைடு தான் காரணமோன்னு ரொம்ப வருஷம் சந்தேகப்பட்டாங்க. அது நிரூபணம் ஆகல, கிழங்கே சாப்பிடாதவங்களுக்கும் இந்த நோய் வருது. பிறகு ஸ்பிங்க் 1-ங்கற மரபணுவுல மாற்றம் இருக்கறது நம்ம பக்கத்து நோயாளிகள் நிறைய பேர்கிட்ட தெரிய வந்துச்சு. அதனால உங்க அம்மா வச்ச சாப்பாட்டை நினைச்சு யாரும் குத்தம் சொல்லிக்க வேண்டாம். கிழங்கை நல்லா வேக வச்சு தண்ணியை வடிச்சுட்டு சாப்பிடுங்க, சுகர் இருந்தா அளவா சாப்பிடுங்க. தேங்காய் அரைச்ச மீன் குழம்புல தான் கொழுப்பு இருக்கு, அதுக்கு கேப்சூலை விட்டுடாதீங்க.

பொண்ணைப் பத்தி கடைசியா ஒரு வரியில எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் பெருசா படுது. இந்த நோய் பல பேருக்கு சின்ன வயசு வயித்து வலியா தான் ஆரம்பிக்குது, பூச்சி, வாயுன்னு சொல்லி வருஷக்கணக்கா ஓடிடும். வயித்து வலிக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், பயப்படாதீங்க. ஆனா உங்களுக்கு இருக்குங்கறதை சொல்லி, இந்த வாரமே அவளுக்கு ஒரு வயிறு ஸ்கேன் எடுங்க, அடுத்த தடவை வலி இருக்கறப்பவே ரத்தத்துல அமைலேஸ், லிப்பேஸ் பாருங்க. ரிசல்ட் எதுவா இருந்தாலும் எனக்கு எழுதுங்க.