நீருக்கடியில் முகப்படம்: எந்த லென்ஸ் பொருந்தும்?

கேள்வி: என்னிடம் ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமராவும், அதனுடன் வந்த 18–55 மி.மீ. ஜூம் லென்ஸும், முகப்படங்களுக்கென வாங்கிய 85 மி.மீ. லென்ஸும் உள்ளன. நீச்சல் குளத்தில் நீருக்கடியில் மனிதர்களைப் படமெடுக்க விரும்புகிறேன். 85 மி.மீ. லென்ஸுக்கு ஏற்ற நீர்புகா ஹவுசிங் வாங்கலாமா? ஃப்ளாஷ் தேவையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 85 மி.மீ. லென்ஸைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். ஹவுசிங்கின் தட்டையான கண்ணாடி முகப்பின் வழியே பார்க்கும்போது ஒளிவிலகலால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால், தலையும் தோளும் அடங்கும் படத்துக்கே நீங்கள் ஏறத்தாழ 3 மீட்டர் பின்வாங்க வேண்டியிருக்கும். இடையிலுள்ள அவ்வளவு நீரும் அதில் மிதக்கும் துகள்களும் படத்தின் தெளிவையும் சருமத்தின் நிறத்தையும் குலைத்துவிடும். மேற்பரப்பிலிருந்து முகம் வரையிலும், முகத்திலிருந்து லென்ஸ் வரையிலும் ஒளி கடந்துவரும் நீர் முழுவதும் சிவப்பை உறிஞ்சுகிறது என்பதால், நெருங்கி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே எளிய 18–55 லென்ஸே உங்களுக்குப் போதும். அதை டோம் (அரைக்கோளம் போல் வெளியே குவிந்த) முகப்புள்ள ஹவுசிங்கில் பொருத்தினால் லென்ஸின் இயல்பான பார்வைக்கோணம் குறையாது. முழு உருவத்துக்கு 18 மி.மீ. அளவில் ஒன்றரை மீட்டரும், முகத்துக்கு 35 மி.மீ. அளவில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவும் போதுமானவை. 18 மி.மீ. அளவில் முகத்தை மிக நெருங்கினால் மூக்கு பெருத்துத் தெரியும். டோமின் வழியே கேமராவுக்குத் தெரிவது ஒரு மாயபிம்பமே (பொருள் உண்மையில் இல்லாத இடத்தில் இருப்பதுபோல் தோன்றும் பிம்பம்); 10 செ.மீ. ஆரமுள்ள டோமில், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம்கூட டோமுக்கு முன்னால் 30 செ.மீ. அளவிலேயே உருவாகும். எனவே லென்ஸ் அவ்வளவு அருகில் ஃபோகஸ் செய்யக்கூடியதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூம் வளையத்தை வெளியிலிருந்து திருப்புவதற்கான கியரையும் ஹவுசிங்குடன் சேர்த்தே கேளுங்கள். அது பெரும்பாலும் தனியாகத்தான் விற்கப்படுகிறது.

ஹவுசிங் ஒவ்வொரு கேமரா மாடலுக்கும் தனித்தனியாகச் செய்யப்படுவது; கேமராவை மாற்றினால் அதுவும் பயனற்றுப் போகலாம். அதனால் விலையைப் பார்த்துத் தயங்குவோருக்கு, ஹவுசிங் இல்லாமலேயே 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற சிறிய கேமராவே என் பரிந்துரை. சென்சார் சிறியதுதான், ஆனால் ரா கோப்பில் (சென்சார் பதிவதை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுக்கலாம், நல்ல வெயிலில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

ஃப்ளாஷை இப்போது வாங்க வேண்டாம். நண்பகல் வெயிலில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒளிக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள தொல்லை, அலைகள் முகத்தில் வீசும் ஒளிக்கோடுகள்தான். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினால் அவை மட்டுப்படும். பின்னர் ஃப்ளாஷ் வாங்கும்போது, ரேடியோ டிரிகர் (ரேடியோ அலையால் ஃப்ளாஷை இயக்கும் கருவி) நீருக்கடியில் பயன்படாது என்பதால் ஃபைபர் ஆப்டிக் கேபிளால் இணைப்பதையே தேர்ந்தெடுங்கள். கேமராவுக்கு வெகு அருகிலிருந்து நேராகப் பாயும் ஃப்ளாஷ் ஒளி, துகள்களை வெண்புள்ளிகளாக்கிவிடும்; எனவே நீண்ட கைகளில் பொருத்திப் பக்கவாட்டில் விலக்கி வையுங்கள்.

கேமராவை உள்ளே வைப்பதற்கு முன், ஹவுசிங்கில் டிஷ்யூ தாளை மட்டும் வைத்து மூழ்கடித்துப் பாருங்கள். ஓ-ரிங்கில் (ஹவுசிங்கின் மூடியில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் நீர் புகுந்துவிடும்.

கேள்வி: ஐபி68 தரம் (தூசியையும் நீரையும் தாங்கும் திறனுக்கான குறியீடு) பெற்ற ஃபோனை அப்படியே குளத்தில் பயன்படுத்தலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். அந்தத் தரச் சோதனை அசையாத நன்னீரில் செய்யப்படுவது. குளோரின் கலந்த நீருக்கு அது உறுதியளிப்பதில்லை. தொடுதிரையும் நீருக்குள் சரிவர இயங்காது. எடுத்தே ஆக வேண்டுமெனில் பொத்தான்கள் உள்ள ஃபோன் ஹவுசிங்கை வாங்குங்கள்.