‘பிளாஸிபிள்’ என்றால் நம்பலாமா?

கேள்வி: சார், ‘பிளாஸிபிள்’, ‘கிரெடிபிள்’ இரண்டுக்கும் என் அகராதியில் ‘நம்பத்தகுந்த’ என்றே போட்டிருக்கிறது. வித்தியாசமே இல்லையா?

பதில்: இருக்கிறது. ‘நம்பத்தகுந்த’ என்பது கிரெடிபிளுக்குச் சரி, பிளாஸிபிளுக்குக் கொஞ்சம் அதிகப்படி. கேட்டதும் ‘இருக்கலாம்’ என்று தோன்றினால் அது பிளாஸிபிள். உண்மையா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. ‘பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்’ என்கிறோமே, அந்தப் ‘பொருந்த’தான் இது. தாமதமாக வந்தவர் ‘வண்டி பஞ்சர்’ என்றால் பிளாஸிபிள். அவர் கையில் பஞ்சர் கடை ரசீதும் இருந்தால் கிரெடிபிள். மூன்றாவது நாளும் அதே பஞ்சர் என்றால் இம்பிளாஸிபிள், கேப்பையில் நெய் வடிகிற கதை.

கேள்வி: பாசிபிள், பிராபபிள்?

பதில்: லாட்டரியில் கோடி ரூபாய் விழுவது பாசிபிள் (நடக்கக்கூடியது), பிராபபிள் (நடக்க வாய்ப்பு அதிகமுள்ளது) அல்ல. அவை நடக்குமா, நடக்காதா என்ற கணக்கு. பிளாஸிபிள் என்பது சொல்லப்படும் விளக்கத்தைப் பற்றியது.

கேள்வி: ‘அப்ளாஸ்’ மாதிரி ஒலிக்கிறதே, உறவா?

பதில்: உறவுதான். லத்தீனில் கைதட்டுவதைக் குறிக்கும் வேரிலிருந்து இரண்டும் வந்தன. பிளாஸிபிளுக்கு முதலில் ‘கைதட்டலுக்குரியது’ என்றே பொருள். வெடிப்பதைக் குறிக்கும் ‘எக்ஸ்ப்ளோட்’ கூட இதே குடும்பம்; அதற்கு முதலில் பொருள், பிடிக்காத நடிகரைக் கைதட்டியே மேடையிலிருந்து விரட்டுவதாம்!

கேள்வி: செய்திகளில் ‘பிளாஸிபிள் டினயபிலிட்டி’ என்கிறார்களே?

பதில்: மாட்டிக்கொண்டாலும் ‘எனக்குத் தெரியாது’ என்று பொருந்த மறுக்க வழி வைத்துக்கொள்வது. அமெரிக்க ரகசிய நடவடிக்கைகள் பற்றிய 1948 ஆணையிலேயே, வெளியே தெரிந்தால் அரசு ‘பிளாஸிப்ளி’ கைகழுவும்படி இருக்க வேண்டும் என்று வருகிறது. 1960 மே 1 அன்று சோவியத் மண்ணில் யு-2 உளவு விமானம் வீழ்த்தப்பட்டது. விமானி செத்திருப்பார் என்ற நினைப்பில், அது வானிலை ஆய்வு விமானம், ஆக்சிஜன் கோளாறில் வழிதவறிவிட்டது என்றது அமெரிக்கா. பொருத்தமான கதைதான். மே 7 அன்று, விமானி உயிரோடு தம்மிடம் இருப்பதாக சோவியத் தலைவர் குருஷ்சேவ் அறிவித்தார். அத்தோடு முடிந்தது.

கேள்வி: என் மேலாளர் மதிப்பீட்டுப் படிவத்தில் என்னை ‘வெரி பிளாஸிபிள்’ என்று எழுதியிருக்கிறார். பாராட்டுதானே?

பதில்: வீட்டில் இன்னும் சொல்லவில்லையே? ஆளைப் பற்றி வந்தால் ‘வாய்ஜாலக்காரர், உஷார்’ என்ற வாடை அடிக்கும். அவர் ‘பெர்சுவேசிவ்’ (பேசி இணங்கவைக்கும் திறமையுள்ளவர்) என்று எழுத நினைத்தாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.