வாசகர் கேள்வி – பதில்: வீட்டு மேசையில் ரைஃபிள் தோட்டா

கேள்வி: என் மகன் பச்சை அட்டை பெற்று டெக்சாஸில் குடும்பத்துடன் வசிக்கிறான். பருவத்தில் மான் வேட்டைக்குப் போவது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. இப்போது கார் கொட்டகையில் மேசை போட்டு, சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் மீண்டும் வெடிமருந்து நிரப்புகிறான். இதைச் சட்டம் அனுமதிக்கிறதா? கடையில் விற்பதை ஏன் வீட்டில் செய்ய வேண்டும்? இரண்டு சிறு பேரப்பிள்ளைகள் அந்த வீட்டில் இருப்பதால் எனக்கு உறக்கம் வரவில்லை. – வாசகி, திருநெல்வேலி

பதில்: அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப உரிமம் தேவையில்லை. விற்பதைத் தொழிலாகக் கொண்டால்தான் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். 1870-களில் பெருஞ்சமவெளியில் எருமை வேட்டையாடியவர்களே முகாமில் உட்கார்ந்து கூடுகளை நிரப்பிக்கொண்டார்கள். உங்கள் மகன் செய்வது அந்த நாட்டில் பழைய பழக்கம்.

ஒரு தோட்டாவில் பித்தளைக் கூடு, அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், மருந்து, குண்டு ஆகிய நான்கு உறுப்புகள் உண்டு. பொதுவாக விலை கூடியது கூடுதான்; அது மட்டுமே சுட்ட பிறகும் எஞ்சுகிறது என்பதால், மீண்டும் நிரப்பினால் செலவு குறையும் என்பது இவர்களின் கணக்கு. ஆனால் ஒரு பருவத்தில் சில தோட்டாக்களே செலவழிக்கும் மான் வேட்டைக்காரர், கூட்டைச் சீராக்கிக் குண்டைப் பொருத்தும் அச்சுப் பொறிக்கும், மருந்தை அளக்கும் தராசுக்கும் போட்ட பணத்தை மீட்பது அரிது. மருந்தையும் பிரைமரையும் அஞ்சலில் வரவழைத்தால் அபாயப் பொருளுக்கான தனிக் கட்டணமும் சேரும். உண்மையான காரணம் துல்லியத்தின் மீதுள்ள ஆசை. ஒரே தொழிற்சாலையில் வந்த இரண்டு ரைஃபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடுவதில்லை. தன் குழலுக்கு எந்தக் குண்டு, எவ்வளவு ஆழத்தில் பொருத்தினால் ஒத்துப்போகிறது என்று தேடிக் குறித்துவைப்பதில்தான் இவர்களுக்கு இன்பம். இருநூறு மீட்டருக்குள் மானின் நெஞ்சைக் குறிபார்ப்பவருக்குக் கடைத் தோட்டாவே போதும் என்பது என் கருத்து. பொழுதுபோக்கில் ஈடுபட்டவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். இன்றைய புகையில்லா மருந்து, பழைய கரிமருந்தைப் போலத் திறந்த வெளியில் வெடிப்பதில்லை, வேகமாக எரியும். அடைபட்ட இடத்தில் எரியும்போதுதான் அது கொடியது. அதனால்தான் சிறு அழுத்தத்திலேயே பிளந்துவிடும் மெல்லிய டப்பாவில் அதை விற்கிறார்கள். பத்திரம் என்றெண்ணிக் கண்ணாடிப் புட்டியிலோ இறுக மூடும் இரும்புப் பெட்டியிலோ மாற்றுவது தவறு. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு, மூல டப்பாக்களில் 20 பவுண்டு வரை வீட்டில் வைக்க இடம் தருகிறது. உள்ளூர் விதிகள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். பிரைமரோ அடிபட்டாலே வெடிப்பது. அட்டைப் பெட்டியில் ஒவ்வொன்றையும் தனிக்குழியில் அடுக்கியிருப்பது, ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்காமலிருக்கவே. இரண்டையும் பிள்ளைகளுக்கு எட்டாத தனித்தனிப் பூட்டில் மகன் வைத்தால், பாதிக் கவலை தீரும்.

நிரப்புபவருக்கு நேரும் பெரிய விபத்துகள் பெரும்பாலும் மேசையில் பிறந்து, சுடும்போது வெளிப்படுகின்றன. விரைவாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தை ரைஃபிள் கூட்டில் இட்டாலோ, அளவு மிகுந்துவிட்டாலோ, துப்பாக்கி முகத்தருகே சிதறக்கூடும். மருந்தை அளக்கும் கிரெயின் என்னும் அலகில் ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின் என்றால், பிழைக்கு எவ்வளவு குறைந்த இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஆகவே மேசைமேல் எந்நேரமும் ஒரே மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையைத் தவிர வேறெவர் சொன்ன அளவையும் ஏற்கக் கூடாது. பேச்சும் தொலைக்காட்சியும் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் பேரப்பிள்ளைகளுக்கு மேலும் நெருக்கமான ஆபத்து: ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட கூட்டுக்குள் அதன் கரி படிந்திருக்கும். உலர்ந்த சோளத்தக்கைத் தூள் போன்ற பொருளில் போட்டுக் குலுக்கிக் கூடுகளை மெருகேற்றும் கருவி அந்தக் கரியைத் தூசியாக்கிப் பரப்புகிறது. அது தரையிலும் சட்டையிலும் ஒட்டி வீட்டுக்குள் வந்து, தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகிறது. குழந்தையின் இரத்தத்தில் இத்தனை வரை ஈயம் இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை. கூடுகளைத் தண்ணீரில் கழுவி மெருகேற்றுவதும், வேலை முடிந்ததும் உடை மாற்றிக் கைகழுவுவதும், கொட்டகைக்குள் குழந்தைகளை விடாமலிருப்பதும், மருத்துவரிடம் சொல்லி ஈயப் பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம். வேட்டை இறைச்சியை வீட்டில் சமைக்கிறார்கள் என்றால், ஈயக் குண்டின் நுண்துகள்கள் காயத்தைச் சுற்றியுள்ள சதையிலும் சிதறியிருக்கும். செம்புக் குண்டுக்கு மாறுவது எளிது, அதுவும் தானே நிரப்புபவருக்கு. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு முற்றிலும் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஈயம் கலந்த எச்சங்களைத் தின்று மடிந்த காண்டோர் கழுகுகளைக் காப்பதும் அதன் நோக்கம்.

கேள்வி: ஹெச்-1பி விசாவில் உள்ள நண்பர் இதே பழக்கத்தில் சேரலாமா? – வாசகர், சென்னை

பதில்: அவசரப்பட வேண்டாம். ஹெச்-1பி போன்ற, குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. எனினும், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்ட பிறகே எதையும் தொட வேண்டும்.

கேள்வி: நீலகிரியில் பாட்டனார் காலத்து ரைஃபிள் எங்களிடம் உரிமத்துடன் இருக்கிறது. அதற்குரிய தோட்டா கிடைப்பதில்லை. அமெரிக்காவிலிருந்து அச்சுப் பொறியைக் கொண்டுவரச் சொல்லி நாங்களே நிரப்பலாமா? – வாசகர், குன்னூர்

பதில்: கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. தோட்டாவின் உறுப்புகளும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும்கூடச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் தோட்டா என்ற வரையறைக்குள் வருகின்றன. ஆகவே அந்தப் பொறியை உறவினர் பெட்டியில் வைத்து அனுப்பினால், விமான நிலையத்தில் மாட்டுபவர் அவர்தான். வேட்டையோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன் பிந்தைய திருத்தத்தாலும் முடிந்துபோன கதை. உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் அந்த அளவுத் தோட்டா வருமா என்று கேளுங்கள். வராதென்றால், ரைஃபிளைச் செயலிழக்கச் செய்து நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள முடியுமா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.