கிருபையின் வேகம் – கடிதம்

ஐயா, வணக்கம்.

நான் ரட்சிக்கப்பட்டு 9 வருடங்கள் ஆகின்றன. ஞானஸ்நானம் எடுத்த அன்றே குடி போய்விட்டது. கோபம் போகவில்லை. நான் குரலை உயர்த்தினால் மகள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எனக்குக் கிடைத்தது உண்மையான கிருபைதானா? கிருபையினாலே இரட்சிப்பு என்கிறார் பவுல். கிரியையில்லாத விசுவாசம், அதாவது செயலில் தெரியாத நம்பிக்கை, செத்தது என்கிறார் யாக்கோபு. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பவுல் வேரைப் பற்றிப் பேசுகிறார், யாக்கோபு கனியைப் பற்றி. அதை இத்தோடு விட்டுவிடுவோம். உங்களுக்கு இப்போது வேண்டியது அது இல்லை.

சில வாரங்களாக ஜான் நியூட்டன் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறார். கிருபையைப் பற்றி உலகமே பாடுகிற ‘அமேசிங் கிரேஸ்’ என்ற ஆங்கிலப் பாட்டை எழுதியவர். நம் பிரசங்க மேடைகளில் அவர் கதை இப்படி வரும்: அடிமை வியாபாரி, நடுக்கடலில் புயல், ஆண்டவரைக் கூப்பிட்டார், அன்றே தொழிலை உதறினார். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். நடந்தது வேறு. புயல் அடித்தது 1748 மார்ச்சில். அடிமைக் கப்பலுக்கு அவர் கேப்டன் ஆனதே அதற்கு அப்புறம்தான். ஞாயிற்றுக்கிழமை மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்துவார். காலுக்குக் கீழே, அதே பலகைகளுக்கு அடியில், மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். 1754இல் கடலை விட்டதும் உடம்பு முடியாமல்தான். 1764இல் குருவானார். 1773 புத்தாண்டுக்கு அந்தப் பாட்டு. தான் ஈடுபட்ட தொழிலின் கொடுமையை அவர் எழுதி அச்சிட்டது 1788இல். புயலிலிருந்து கணக்குப் பாருங்கள், 40 வருடம்!

அத்தனை வருடமும் கிருபை அவருக்குள் வேலை செய்துகொண்டுதான் இருந்தது என்று நான் நம்புகிறேன். முதலில் கெட்ட வார்த்தை போனது, அப்புறம் வேறொன்று. கண் கடைசியாகத்தான் திறந்தது. ஒரே நொடியில் எல்லாம் மாறிவிட்டது என்று சாட்சி சொல்கிறவர்களால்தான் உங்களைப் போன்றவர்கள் ராத்திரியில் தூக்கமில்லாமல் படுத்திருக்கிறீர்கள். உங்கள் கோபம் உங்களுக்கே வலிக்கிறதே, 9 வருடத்துக்கு முன்னால் வலித்ததா? அந்த வலியைக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். நியூட்டனின் தாமதத்துக்கு விலை கொடுத்தது நியூட்டன் இல்லை, பலகைக்குக் கீழே கிடந்தவர்கள். உங்கள் தாமதத்துக்கு யார் கொடுக்கிறார்கள்? உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. மீதியெல்லாம் நீங்களும் உங்கள் இரட்சிப்பும். முகம் தெரியாத எனக்குக் கடிதம் எழுத முடிந்தது, பத்தடி தள்ளி இருக்கிற அறைக்குப் போக முடியவில்லை. இதில் வேதவசனச் சந்தேகம் வேறு!

கோபமாக எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. ஒரு சொத்து விவகாரத்தில் நான் என் தம்பியோடு 11 வருடம் பேசவில்லை. அந்த 11 வருடமும் பாடகர் குழுவில் இருந்தேன், திருவிருந்து எடுத்தேன். ‘முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி’ என்ற வசனம் வரும்போதெல்லாம் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். ஒருநாள் ராத்திரி எப்படியோ போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். அவன் எடுத்து, “சொல்லு” என்றான். எனக்குக் குரல் வரவில்லை. தாள் கையில் நனைந்துபோனது. வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவன் போனை வைக்கவில்லை. கிருபை என்ற சொல்லை எங்கே படித்தாலும் எனக்கு இன்றுவரை அந்த மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது.

சரி, இன்றைக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். வசனம் சொல்ல வேண்டாம். மாறிவிட்டேன் என்று சாட்சியும் வேண்டாம். மாறினீர்களா இல்லையா என்று அவளுக்குத் தெரியாதா? எந்த நாளில் எந்த வார்த்தையைச் சொன்னீர்களோ, அதைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவள் திறக்காமல் இருக்கலாம். அப்போது உங்களுக்குக் கோபமும் வரலாம். அங்கேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். நாளைக்கும் போய்த் தட்டுங்கள்.

அன்புடன்.