தோல் தொழிற்சாலைக் கழிவு பாய்ந்த நிலத்தில் எண்ணெய்ப் பயிர் வைக்கலாமா?

கேள்வி: ஐயா, சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் ஒரு கீரைப் பண்ணையில் வேலை செய்கிறேன். வாணியம்பாடிக்கு அருகே அப்பா விட்டுப்போன 2 ஏக்கர் நிலம் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாய்ந்து 20 ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கிறது. கிணற்று நீர் மஞ்சளாக இருக்கிறது. சாப்பிடும் பயிர்தானே கூடாது. காட்டாமணக்கோ ஆமணக்கோ வைத்தால் எரிபொருளுக்கு எண்ணெயும் கிடைக்கும், மண்ணும் சுத்தமாகும் என்கிறார்கள். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். ஒரு பை மண் எடுத்துவந்து காட்டட்டுமா?

பதில்: மண்ணை இங்கே கொண்டுவராதீர்கள் தம்பி. அனுமதியில்லாமல் சிங்கப்பூருக்குள் மண் கொண்டுவர முடியாது. அங்கேயே சோதித்துவிடுங்கள். ஆனால் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகம் வழக்கமான மண்வள அட்டையில் இருக்காது. மொத்தக் குரோமியம், அதன் நச்சு வடிவமான அறுமதிப்புக் குரோமியம், உப்பு நிலை, சோடியம், கார அமில நிலை என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். கிணற்று நீரையும் கொடுங்கள். மஞ்சள் நிறம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. அறுமதிப்புக் குரோமியம் நீருக்கு அந்த நிறத்தைத்தான் தரும்; அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. முடிவு வரும்வரை அந்த நீரை ஆடு மாடுகளுக்குக்கூடக் காட்ட வேண்டாம்.

பயிர் வைத்தால் மண் சுத்தமாகும் என்ற பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் மேல் அரை அடி மண் ஏறத்தாழ 900 டன் எடை இருக்கும். கிலோவுக்கு 500 மில்லிகிராம் குரோமியம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 450 கிலோ. ஆமணக்கு ஆண்டுக்கு 4 டன் காய்ந்த தண்டும் இலையும் தந்து, அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஏறினால், நீங்கள் வெளியே எடுப்பது 80 கிராம். பேரன் காலத்திலும் தீராது. இங்கே காலாங்கில் 1862 முதல் 1998 வரை இயங்கிய எரிவாயு ஆலையின் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் இருக்கும் கம்போங் பூகிஸில் வீடு கட்ட வேண்டும் என்றதும் மண்ணையே சுத்திகரிக்கத்தான் திட்டமிட்டார்கள். செடி நட்டுக் காத்திருக்கவில்லை.

அப்படியானால் பயிரே வேண்டாமா? வேண்டும். நிலத்தை மூடி வைக்க வேண்டும். வெற்று நிலத்தில் புழுதி கிளம்பும், மழைநீர் நஞ்சைப் பக்கத்து வயலுக்கு இழுத்துப் போகும். பயிர் அதைத் தடுக்கும், சிறிது வருமானமும் தரும். அந்த அளவுக்கு எதிர்பாருங்கள்.

காட்டாமணக்கை விட்டுவிடுங்கள். இந்தியாவில் 2003இல் திட்டக்குழுவே அதைத் தூக்கிப் பிடித்தது. இங்கே டெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடமும் மேம்பட்ட ரகங்களுக்காக உழைத்தது. வறண்ட நிலத்தில் அது உயிரோடு நிற்கும், ஆனால் கட்டுப்படியாகும் அளவுக்குக் காய்க்காது. நம்பி நட்ட உழவர்கள் நொந்துபோனார்கள். ஆமணக்கு பரவாயில்லை. எண்ணெயில் உலோகம் மிகக் குறைவாகவே இறங்கும், பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். அதனால் அந்தப் புண்ணாக்கை எந்த வயலுக்கும் உரமாக விற்காதீர்கள். காலையில் வெள்ளையாக உப்புப் பூக்கும் திட்டுகளில் ஆமணக்கு தடுமாறும். அங்கே சவுக்கு முயன்று பாருங்கள். சீமைக் கருவேலம் வேண்டாம், பிறகு ஒழிக்க முடியாது.

விறகாக விற்பதாக இருந்தால், வாங்குகிறவரிடம் சாம்பல் எங்கே போகிறது என்று கேளுங்கள். எரித்தால் குரோமியம் மறையாது, சாம்பலில் செறிந்து நிற்கும். சுண்ணாம்புச் சத்துள்ள சாம்பலில் அது மறுபடியும் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும்.

சுண்ணாம்பு என்றதும் ஓர் எச்சரிக்கை. காட்மியமோ ஈயமோ உள்ள நிலத்துக்குச் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள், அது சரிதான். அறுமதிப்புக் குரோமியத்துக்கு அது எதிர்மாறு: காரம் ஏறினால் அது இன்னும் எளிதாக நீரில் நகரும். உங்கள் நிலத்துக்குத் தொழுவுரம்தான் மருந்து. மக்கிய எரு அறுமதிப்புக் குரோமியத்தை நச்சுக் குறைந்த மும்மதிப்பு வடிவத்துக்குத் திருப்பும். சோடியம் மிகுந்திருந்தால் ஜிப்சமும் வேண்டும். அளவைச் சோதனை முடிவு சொல்லும்.

இன்னொன்று. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டிருப்பதைக் குறிப்பிட்டு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. அதையொட்டி அமைந்த ஆணையம் உழவர்களுக்கு இழப்பீடு நிர்ணயித்தது. உங்கள் புல எண் அந்தப் பட்டியலில் இருந்ததா, அப்பா பணம் வாங்கினாரா என்று ஊரில் விசாரியுங்கள்.

வரப்பு நெடுக வெட்டிவேர் நட்டுவிடுங்கள். அதன் வேர் 3 மீட்டர் ஆழம்கூட இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். உலோகத்தின் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திவிடும், தோகைக்குக் குறைவாகவே அனுப்பும். தோகையை அறுத்துப் பந்தலுக்குப் போடலாம். வேரை மட்டும் ஒருநாளும் பிடுங்கி விற்காதீர்கள். அதை வாங்குகிறவர்கள் பானைத் தண்ணீரில் போட்டுக் குடிப்பார்கள்.