மலையைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பர்களோடு கேதார்நாத் போய்வந்தேன். பனி மூடிய மலையைக் கண்டதும் கூட வந்தவர்களில் இருவர் அழுதேவிட்டார்கள். எனக்குக் குளிரும் கால்வலியும்தான் தெரிந்தன. கன்னியாகுமரியிலும் இப்படித்தான் ஆனது. "நீ எல்லாவற்றையும் யோசிக்கிறாய், மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்" என்கிறார்கள். என்னிடம் ஏதாவது குறையா? உலகத்தில் ஆழமானது என்று மனிதர்கள் எதைத்தான் சொல்கிறார்கள்?

ஒரு வாசகர், பெரம்பலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. உங்கள் நண்பர்களின் கண்ணீரும் உண்மையானதுதான். ஆனால் அவர்கள் சொன்ன யோசனையை என்னால் ஏற்க முடியாது. மனிதர்களை உலுக்கிப்போட்ட தருணங்களில் பல, யோசித்ததால்தான் வந்தன. எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஜேம்ஸ் ஹட்டன் ஸ்காட்லாந்துக்காரர். 1726இல் பிறந்தவர். மருத்துவத்தில் பட்டம் வாங்கியும் அந்தத் தொழிலுக்குப் போகாமல், அப்பா விட்டுப்போன நிலத்தில் விவசாயம் பார்த்தார். மழை பெய்யும்போதெல்லாம் வயல் மண் கரைந்து ஓடையில் இறங்கிக் கடலுக்குப் போவதைக் கவனித்தார். எந்த விவசாயியும் பார்ப்பதுதான். ஹட்டன் அதோடு விடவில்லை. மண் இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் ஒருநாள் நிலமே மிஞ்சாதே, ஆனாலும் நிலம் இருக்கிறதே என்று யோசித்தார். அப்படியென்றால் கடலடியில் படிகிற மண் இறுகிப் பாறையாகி, பூமியின் உள்வெப்பத்தால் மேலே தூக்கப்பட்டு, மறுபடி நிலமாக வந்துகொண்டிருக்க வேண்டும். சரி, இதற்கெல்லாம் எவ்வளவு காலம் பிடிக்கும்? பைபிளில் வரும் தலைமுறைகளைக் கூட்டி, உலகத்துக்கு வயது ஏறத்தாழ 6000 ஆண்டு என்று அன்றைய ஐரோப்பாவில் பலர் நம்பினார்கள். ஹட்டன் நினைத்த வேலைக்கு அது போதவே போதாது.

1788இல் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் என்ற இரண்டு நண்பர்களோடு படகில் கரையோரமாகப் போய், சிக்கார் பாயிண்ட் என்ற பாறை முனையில் இறங்கினார். அங்கே சாம்பல் நிறப் பாறை அடுக்குகள் அலமாரியில் நிறுத்திய புத்தகங்கள்போல் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல் செந்நிற மணற்பாறை லேசான சரிவோடு படுத்திருக்கிறது. பார்வைக்கு அவ்வளவுதான். கேதார்நாத்தின் பிரம்மாண்டம் எதுவும் அங்கே இல்லை.

ஹட்டன் அதைப் படித்துக் காட்டினார். சாம்பல் அடுக்கு ஒரு காலத்தில் கடலடியில் கிடைமட்டமாகப் படிந்த சேறு, மணல். அது இறுகிப் பாறையாயிற்று. பிறகு மடிந்து, செங்குத்தாகி, கடலுக்கு மேலே எழுந்தது. மழையும் ஆறும் அதன் தலையை அரித்துச் சமமாக்கின. அதன்மேல் செம்மணல் வந்து படிந்து, அதுவும் பாறையாகி, அந்த மொத்தமும் மறுபடி உயர்ந்தது. ஒவ்வொரு கட்டமும் வயல் மண் கரைகிற அதே நிதானத்தில் நடந்திருக்கிறது. இன்றைய கணக்கில் கீழே இருப்பதற்கு ஏறத்தாழ 43 கோடி வயது, மேலே இருப்பதற்கு 37 கோடி. இரண்டும் தொடும் இடத்தில் கையை வைத்தால் உள்ளங்கைக்குக் கீழே ஆறு கோடி ஆண்டு விடுபட்டுக் கிடக்கிறது!

காலத்தின் பாதாளத்துக்குள் அவ்வளவு தூரம் எட்டிப் பார்த்ததில் மனதுக்குத் தலைசுற்றல் வந்தது என்று பிளேஃபேர் பின்னாளில் எழுதினார். பலரும் எடுத்துச் சொல்வது இதைத்தான். எனக்கு அடுத்து அவர் சொல்வது இன்னும் முக்கியம். கற்பனை தொடர்ந்து வரத் துணியாத தூரத்துக்கு அறிவு சில நேரம் போய்விடுகிறது என்பதை, ஹட்டன் விளக்கியதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது உணர்ந்தார்களாம். அந்தப் பாறையை அந்தப் பக்கத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருப்பார்கள். பிளேஃபேர் தனியாக வந்திருந்தாலும் இரண்டு நிறப் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

எல்லா ஆழமும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தை பிறந்த அன்றும், பெற்றவர்களைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த அன்றும் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆனால் மலையும் கடலும் வானமும் நமக்கு அந்த மாதிரி உறவு இல்லை. அவை யார், எங்கிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்டால்தான் நெருங்க முடிகிறது. அப்புறம் வருகிற உணர்ச்சி சீக்கிரம் வடிவதில்லை.

நீங்கள் பெரம்பலூர்க்காரர் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடக்கிறது. பூக்கும் தாவரங்கள் இன்றுபோல் பெருகுவதற்கு முந்திய, பைன் மரம்போன்ற கூம்புமர வகை. பத்து கோடி ஆண்டு அளவில் அங்கே கடல் உள்ளே ஏறி வந்திருந்தது. ஆறு அடித்துக்கொண்டு வந்த மரம் மணலிலும் களிமண்ணிலும் கடல் சிப்பிகளோடு புதைந்தது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் ஊறி ஊறி, கொஞ்சம் கொஞ்சமாக மரம் கல்லாயிற்று. அரியலூரில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுப்போனதுதான்.

அந்த மரம் நின்ற காலத்தில் இமயமலையே கிடையாது. தனி நிலமாக நகர்ந்துகொண்டிருந்த இந்தியா இன்னும் ஆசியாவோடு மோதவில்லை. இடையில் பெரிய கடல் கிடந்தது. மோதியது ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுக்கு முன்பு. அந்த மோதலில்தான் இடையிலிருந்த கடலடி மடிந்து இமயமலையாக எழுந்தது. நீங்கள் அவ்வளவு தூரம் போய்ப் பார்த்த மலைக்கு உங்கள் ஊர் மரம் மூத்தது! நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றிலிருந்து வருகிற சாலிகிராமத்தைப் பெருமாளாகப் பூசை செய்கிறோம் அல்லவா, அதில் தெரியும் சுருள் அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. மலையாகத் தூக்கப்பட்ட அந்தக் கடலடியிலிருந்து வந்தது. அதே அம்மோனைட் இனங்களின் உறவுகள் உங்கள் மாவட்டத்து காரை கிராமத்து ஓடைக்கரைக் களிமண்ணிலும் கிடைக்கின்றன. எனக்கு இதைத் தெரிந்துகொண்ட பிறகு சாலிகிராமத்தின்மேல் மரியாதை கூடித்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பர்களையும் கூட்டிக்கொண்டு சாத்தனூர் போங்கள். பிளேஃபேருக்கு ஹட்டன் சொன்னதுபோல், மரத்தின் பக்கத்தில் நின்று நீங்களே அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். காரைக்கும் போனால் புதைபடிவங்களைப் பொறுக்கி எடுத்துவர வேண்டாம். அடுத்து வருகிறவருக்கும் இருக்கட்டும். வந்து எழுதுங்கள். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், தொடர்ந்து பேசுவோம்.

அன்புடன்